திரும்பி வரும் தூரம்

நெடும்பயணச் சைக்கிள் என்பது சுமையோடு பல நாட்கள் ஓடுவதற்கென்று அமைக்கப்பட்ட ஒரு வகை. பந்தயச் சைக்கிள் நாடும் வேகம் அதற்கு வேண்டியதில்லை. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைப்பட்ட தூரம் சற்றுக் கூடியும், பின்னால் தொங்கும் பைகளில் குதிக்கால் இடிபடாதபடி சட்டத்தின் பின்பகுதி நீண்டும், கரியர் பூட்டுவதற்கான துளைகள் சட்டத்திலேயே அமைந்தும் இருப்பது அதன் இலக்கணம். ஐரோப்பாவில் விடுமுறைப் பொருளாக விற்கப்படும் இதனை யாழ்ப்பாணத்து உடுவிலில் ஒருவர் புதிதாக வாங்க எண்ணும்போது அவருடைய தெரிவில் கடையும் விலையும் தவிர இன்னொன்றும் குறுக்கிடுகிறது: சைக்கிளில் நெடுந்தூரம் போவது பற்றி இந்த ஊர் ஏற்கெனவே நிறைய அறிந்திருக்கிறது, அந்த அறிவு விரும்பிப் பெற்றதன்று.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற்பாறையின் மேல் கிடக்கும் சமதரை. உடுவிலிலிருந்து மருதனார்மடச் சந்தைக்கோ சுன்னாகத்துக்கோ மானிப்பாய்க்கோ போகிறவர் மிதிப்பதை நிறுத்தி இறங்கித் தள்ள வேண்டிய ஏற்றம் எதுவும் இல்லை. கியர் இல்லாத கனத்த றலியும் ஹம்பரும், பின்னர் இலங்கையிலேயே உற்பத்தியான லுமாலாவும் இங்கு நிலைபெற்றதற்கு இந்தத் தரையே முதற் காரணம். பழைய ஆங்கிலச் சைக்கிள்களில் முன் சில்லுக்கு 32 கம்பிகளும் பின் சில்லுக்கு 40 கம்பிகளும் இருந்தன. ஓட்டுபவரின் நிறையும் கரியரில் ஏற்றும் சுமையும் பின்னாலேயே விழும் என்பதை அறிந்து செய்த கணக்கு அது. நீண்ட சட்டமும் நிமிர்ந்த இருப்பும் தடித்த ரயரும் சேர்த்துப் பார்த்தால், தோட்டத்து வெங்காய மூட்டையோடு ஒழுங்கைக்குள் திரும்பும் அந்தச் சைக்கிள், பெயரில்லாமலே ஒரு நெடும்பயணச் சைக்கிளாகத்தான் இருந்திருக்கிறது.

அதன் பரீட்சைக் காலம் 1990 இல் தொடங்கியது. போர் மீண்டும் மூண்டு, பெற்றோலும் பற்றரியும் உட்படப் பல பொருட்கள் குடாநாட்டுக்கு வருவது தடுக்கப்பட்டபோது, விறகு, நெல், நோயாளி, பிரேதப்பெட்டி ஆகிய எல்லாவற்றையும் சைக்கிள் சுமந்தது. கண்டி வீதி மூடப்பட்டதால் தெற்கே போக வேண்டியவர்கள் கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடந்தார்கள். படகில் ஏறிய சைக்கிள் அக்கரையில் வன்னிப் பாதையில் மறுபடி ஓடியது. 1995 ஒக்டோபர் 30 அன்று தொடங்கிய வலிகாமப் பகுதி மக்களின் இடம்பெயர்வில் உடுவிலும் சேர்ந்தே வெறுமையானது. அன்று செம்மணி வழியாக நாவற்குழியை நோக்கி நகர்ந்த பல இலட்சம் பேரின் நடுவே சைக்கிளை ஓட்டுவதற்கு இடமிருக்கவில்லை. ஒரு வீட்டில் எடுத்துச் செல்ல முடிந்தவற்றைத் தாங்கும் தள்ளுவண்டியாகவே அது போய்ச் சேர்ந்தது.

இந்த அனுபவம் ஒரு சமூகத்தின் பொருள் தெரிவில் பதியாமல் இருக்க முடியாது. ஆனால் அது கற்றுத்தந்தவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதைத் தனித்தனியே பார்க்க வேண்டும். வைத்துக்கொள்ள வேண்டியது, வழியில் உள்ள சிறிய கடைக்காரர் திருத்த முடியாத எதையும் நம்பிப் புறப்படக் கூடாது என்ற விவேகம். 1963 இல் அயர்லாந்திலிருந்து டெல்லி வரை தனியாகச் சைக்கிளில் வந்த டேர்வ்லா மேர்பி, ஆசியத் தெருக்களில் நின்றுபிடிக்காது என்று கருதிப் புறப்படும் முன்பே தன் சைக்கிளின் கியரைக் கழற்றிவிட்டார். யாழ்ப்பாணத்தின் எந்தச் சைக்கிள் கடைக்காரரும் அவருக்குச் சொல்லியிருக்கக்கூடிய புத்திமதிதான் அது.

இவ்விவேகத்தை நடைமுறையில் பொருத்தும்போது முதலில் பார்க்க வேண்டியது ரயரின் அளவு. ரயர் றிம்மில் பொருந்தி அமரும் விட்டமே உண்மையான அளவு. பெட்டியில் எழுதப்பட்ட அங்குலம் பல வேளைகளில் ஏமாற்றும். பழைய றலியின் 28 அங்குலச் சில்லில் அந்த விட்டம் 635 மில்லிமீற்றர். 28 என்றே சில இடங்களில் குறிக்கப்படும் பந்தயச் சில்லில் அது 622. ஒன்றுக்குரிய ரயர் மற்றதில் ஏறாது. 26 அங்குலத்திலும் 590, 559 என்று வெவ்வேறு விட்டங்கள் உண்டு. 559 மில்லிமீற்றர் என்பது மலைச் சைக்கிள்களோடு ஊர்தோறும் பரவிய அளவு. வவுனியாவிலோ தம்புள்ளையிலோ ரயர் வெடித்தால் மாற்று ஒன்றைப் பெற அதுவே வாய்ப்பான அளவு. சட்டம் உருக்காக இருப்பது நல்லது என்பதற்கும் காரணம் இதுவே: உருக்கு வெடித்தால் வழியோர ஒட்டுவேலைக் கடையிலேயே ஒருவாறு பிடித்துத் தரலாம், அலுமினியத்துக்கு அதற்கென்று தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும், கரிநார்ச் சட்டத்தைப் பற்றிப் பேசவே தேவையில்லை. 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டு, பலர் சைக்கிளுக்குத் திரும்பி, இறக்குமதிப் பாகங்கள் எட்டாத விலைக்குப் போனபோது, எளிய பாகங்களால் ஆன சைக்கிளின் அருமை போரைக் காணாத தலைமுறைக்கும் விளங்கியது.

விட வேண்டியது சுமை பற்றிய பழக்கம். இடம்பெயர்கிறவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார். விட்டுப்போவது திரும்பக் கிடைக்குமா என்பது அவருக்குத் தெரியாது. பயணம் போகிறவருக்கு வீடு அங்கேயே இருக்கிறது, திரும்பி வருவதும் அவருடைய எண்ணத்திலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே இரண்டு மாற்றுடுப்பு, ஒரு ரியூப், ஒட்டுப்போடும் பெட்டி, பம், தண்ணீர் என்பவற்றுக்கு மேல் அவருக்குப் பெரிதாக எதுவும் தேவையில்லை. ஆயினும் சட்டத்தின் நான்கு பக்கமும் பை மாட்டக்கூடிய, நாற்பது கிலோ தாங்கும் சைக்கிளைத் தேடும் ஆசை எளிதில் போவதில்லை, ஏனெனில் அந்த ஆசைக்குள் நினைவில் எஞ்சிய அச்சமும் இருக்கிறது. சுமையை முதலில் தீர்மானித்துவிட்டுப் பிறகு சைக்கிளைத் தீர்மானிப்பதே சரியான வரிசை. கடைக்குப் போகும் பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பை இருப்பதால் அதை நிரப்புகிறார்கள்.

கியர் பற்றிய கேள்வியில் சமதரையின் விவேகம் தோற்றுப்போகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரையான ஏறத்தாழ 320 கிலோமீற்றரில் தம்புள்ளை வரை பழைய லுமாலாவும் போய்விடும். மாத்தளைக்கு அப்பால் மலை தொடங்குகிறது, கண்டியையும் தாண்டி நுவரெலியாவுக்கு ஏற நினைப்பவர் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் போக வேண்டும். கியரில்லாத சைக்கிளில் பெடல் ஒருமுறை சுற்றினால் சைக்கிள் சுமார் 5 மீற்றர் நகரும். முன்பல்லில் 26, பின்பல்லில் 34 என்று அமைந்த தாழ்ந்த கியரில் அதே சுற்றுக்கு 2 மீற்றரும் நகராது. அந்த மெதுவான நகர்வால்தான் சாதாரண உடல்வலு உள்ளவரும் ஏறிவிடுகிறார். மேர்பி தன் சைக்கிளை மலைக்கணவாய்களில் தள்ளிக்கொண்டு நடந்தார், அது அவர் அறிந்தே கொடுத்த விலை. ஐம்பது வயதில் முதன்முதலாக நெடும்பயணம் போக நினைப்பவரிடம் அவ்விலையைக் கேட்பது நியாயமன்று. இறங்கும்போது வேறொரு சிக்கலும் எழுகிறது. பழைய சைக்கிளின் கம்பிப் பிறேக் மழையில் நனைந்த உருக்கு றிம்மைச் சரியாகப் பிடிக்காது. சமதரையில் அது சங்கடம், மலையில் அது உயிராபத்து.

எனவே உருக்குச் சட்டம், 26 அங்குலச் சில்லு, சில்லொன்றுக்கு 36 கம்பி, எளிய ஏழு அல்லது எட்டுப் பல்வட்டுக் கியர், அலுமினிய றிம்மைப் பிடிக்கும் பிறேக் என்ற ஒரு கலவையே இவ்வூருக்குப் பொருந்துகிறது. இப்படியொன்று நெடும்பயணச் சைக்கிள் என்ற பெயரோடு கொழும்பில்கூட எளிதில் கிடைக்காது. பாவித்த உருக்கு மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கிக் கரியரும் மண்காப்பும் பூட்டிக்கொள்வதே மலிவும் உறுதியும் ஆன வழி. புதியது வாங்க வேண்டும் என்று புறப்பட்டவருக்கு இது ஏமாற்றமாகப் படலாம்.

வெளிச்சம் பற்றி மட்டும் முடிவு எளிதன்று. ரயரில் உரசிச் சுழலும் போத்தல் வடிவ டைனமோ 6 வோல்ட்டில் 3 வாற்று மின்சாரம் தரும். பற்றரி இல்லாத ஆண்டுகளில் சைக்கிளை நிறுத்தி மிதித்து வானொலிச் செய்தி கேட்க யாழ்ப்பாணத்துக்கு உதவியது அதுவே. இன்றைய பயணிகள் விரும்பும் டைனமோ முன் சில்லின் அச்சுக்குள்ளேயே அடங்கி, கைப்பேசிக்கும் மின்னேற்றித் தருகிறது, மழையில் வழுக்குவதில்லை. ஆனால் அது பழுதானால் சுன்னாகத்திலோ மாத்தளையிலோ திறந்து பார்க்க ஆள் கிடைப்பது அரிது. திருத்த முடிந்ததையே நம்ப வேண்டும் என்ற விதியின்படி போத்தல் டைனமோதான் வெல்ல வேண்டும். பகலில் ஓடி இரவில் தங்குமிடம் சேர்பவருக்கோ இரண்டும் தேவையில்லை. பின்னால் வரும் லொறிச் சாரதியின் கண்ணில் படுவதற்கு ஒரு சிவப்புப் பற்றரி விளக்குப் போதும், பற்றரி இப்போது எந்தக் கடையிலும் கிடைக்கிறது.