இரு துண்டுகள்

பணத்தின் மதிப்பு அதன் உலோகத்தில் உள்ளதா, அதனை வழங்கியவரின் உறுதிமொழியில் உள்ளதா என்பது பழைய வினா. போர்க்காலங்கள் இவ்வினாவுக்கு விடை பகர்ந்துள்ளன. முதலாம் உலகப் போரின்போது (1914–1918) செம்பும் நிக்கலும் போர்க்கருவிகளுக்குச் சென்றமையால், ஜேர்மன் நகரங்கள் இரும்பிலும் துத்தநாகத்திலும் தமக்கெனச் சில்லறை நாணயங்களை வெளியிட்டன. இலங்கையில் 1942ஆம் ஆண்டு சில்லறைத் தட்டுப்பாட்டினால் 5 சதத்துக்கும் தாள் அச்சிடப்பட்டது. அதன் நடுவே துளைகள் இடப்பட்டிருந்தன. கிழித்தால் ஒரு துண்டு 2 சதம், மற்றையது 3 சதம். உலோகம் மறைந்த பின்னரும் மதிப்பு நிலைத்தது. ஆகவே பணம் என்பது உறுதிமொழியே எனலாம்.

ஆயின், உறுதிமொழி தாங்கிய தாளெல்லாம் அறத்தின்பாற்பட்டதாகுமா? மாவனல்லை அடங்கிய கேகாலை மாவட்டத்தின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழகத் தொழிலாளர் பெரும்பாலும் கங்காணிமார் வழியாகவே வந்தனர். வழிச்செலவும் முன்பணமும் அவர்தம் பெயரில் கடனாயின. இலங்கைத் தோட்டங்களில் இக்கடனைக் கைமாற்ற உதவிய தாளுக்கும் ‘துண்டு’ என்றே பெயர். குறித்த தொகையைச் செலுத்தினால் தொழிலாளரை விடுவிப்பதாகப் பழைய தோட்டத்துரை அதில் எழுதிக் கொடுப்பார். புதிய துரை அத்தொகையைக் கொடுத்து அவர்களைப் பெற்றுக்கொள்வார்.

கடன் வாங்கியவர் அதனைத் தீர்த்தல் முறையன்றோ, துண்டு அதற்கோர் ஒழுங்குதானே எனச் சிலர் வினவலாம். கடன் தீர்த்தல் கடமையே; அதனை மறுப்பார் இலர். ஆனால் துண்டில் உறுதி கூறியவரும் துரை, உறுதி பெற்றவரும் துரை. உழைத்தவர் அவ்வுடன்படிக்கையில் ஒரு தரப்பினர் அல்லர். அதன் ஈடாகவே வைக்கப்பட்டார். கடன் தீரவில்லை, கடன்கொடுத்தவரே மாறினார்.

சதத்தாளின் இயல்பு வேறு. அதனை ஏந்தியவர் எவராயினும் அவரே உரிமையாளர். மாவனல்லைக் கடைவீதியில் அதனை நீட்டும் தோட்டத் தொழிலாளிக்கும், கொழும்பு வணிகருக்கும் அதன் மதிப்பு ஒன்றே. எங்கே கிழிப்பது, எதனை வாங்குவது என்பதை வைத்திருப்பவரே தீர்மானிப்பார்.

1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் அது எழுப்பிய வினா ஒழியவில்லை. தட்டுப்பாடு இரும்பையும் தாளையும் பணமாக்கலாம், அதிற் குற்றமில்லை. மனிதரைப் பணமாக்குவதற்கு எத்தட்டுப்பாடும் நியாயமாகாது. ஓர் உறுதிமொழியின் நேர்மையை அறிய விழைவோர், அதனை எழுதியவர் யாரென்று மட்டும் நோக்குதல் போதாது. அதன் சுமையைத் தாங்குபவர் அதனைக் காட்டித் தமக்குரியதைக் கேட்க இயலுமா என்பதையும் நோக்குதல் வேண்டும்.