மறுத்தால் என்ன இழப்பு?

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைத் தீவுக்கு லெய்டன் என்றும் நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. பெயரை விடுவோம். வேலணையிலும் அல்லைப்பிட்டியிலும் அவர்களுடைய கோயிற் பள்ளிகளில் சட்டம்பியார் என்ற ஆசிரியர் தோம்பு என்றொரு பதிவேடு வைத்திருந்தார். ஞானஸ்நானமும் கலியாணமும் அதில் ஏறினால்தான் முதுசத்துக்கு உரிமை கோரலாம். வீட்டுக்குள் சிவனைக் கும்பிட்டுக்கொண்டே தோம்பில் பெயர் கொடுத்தவனைக் கோழை என்பது அநியாயம். பிள்ளையின் காணியை அவன் காக்க வேண்டியிருந்தது. 1795இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டு அவிழ்ந்ததும் ஒல்லாந்தர் சபை பெரும்பாலும் கலைந்தது. அவர்கள் தடைசெய்த கத்தோலிக்கமோ ஊர்காவற்றுறையில் இன்றும் வேரோடு நிற்கிறது.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது எளிது. 1816இல் வந்த அமெரிக்க மிஷன் விஷயம் அப்படியல்ல. அவர்கள் யார் காணியையும் பிடித்துவைக்கவில்லை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் சோறும் உடுப்பும் படிப்பும் இலவசம். பல மாணவர்கள் அமெரிக்காவில் பணம் தந்தவரின் பெயரைச் சுமந்தார்கள். மானிப்பாயில் டாக்டர் கிறீன் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். நோக்கம் மதமாற்றம் என்பதால் இந்தக் கொடை முழுவதும் பழுதாகிவிடுமா? ஆகாது. கொடுப்பவர் மனத்தைத் துருவுவதைவிட, வேண்டாம் என்றவருக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பதே நியாயமான சோதனை. செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சைவத்துக்குத் திரும்பினார். கற்ற கல்வியை யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை; தொல்காப்பிய உரையையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஆனால், படித்தவர்கள் போதகராகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்ற மனக்குறை முற்றி, 1855இல் மிஷன் அந்தச் செமினரியையே மூடியது. முன்னே படித்தவர்கள் மறுத்ததற்குப் பின்னே வரவேண்டிய பிள்ளைகள் விலை கொடுத்தார்கள். அன்பாகத் தந்த கொடைக்குள்ளும் ஒரு நிபந்தனை இருந்தது அன்றுதான் வெளிப்பட்டது.

தீவுகளுக்குப் போதிக்கப் போனவர்களில் பலர் வெள்ளைக்காரர் அல்லர். 1832இல் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களே ஒரு சுவிசேஷ சங்கம் அமைத்து, தங்கள் காணிக்கையில் உபதேசிமாரை அனுப்பினார்கள். அவர்களுடைய தியாகம் மெய்யானது. ஆனாலும் ஒரே மொழி, ஒரே நிறம் என்பது மறுத்தவருக்கு என்ன இழப்பு என்ற கேள்வியிலிருந்து அவர்களை விடுவிக்காது. தீவாரைத் தாழ்வாகப் பார்க்கும் பழக்கம் யாழ்ப்பாணத்துக்குப் பழையது. ஊரில் வேறு பள்ளி இல்லாதபோது, போதனையை மறுக்கும் தாய் எழுத்தையும் மறுக்க வேண்டிவரும். போதிப்பவர் சொந்தத் தமிழரே ஆனாலும் அவளுடைய நெருக்கடி அதேதான். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, சமயத்தை விடாமல் எழுத்தைப் பெற அங்குள்ள பெற்றோருக்கு இன்னொரு வாசல் திறந்தது. கடல் தாண்டி வாழ்ந்தவர்களுக்கு அது எட்டாத தூரம்.