யார் ரத்தமானாலும்

மஞ்சூரில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறேன். கையுறை மாட்டும்போது சில பெரியவர்களின் முகம் சுருங்கும். "ஏம்மா, என்னைத் தொடக் கூசுதா?" தேயிலைக் கொழுந்து பறித்துக் காய்த்த விரல்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் டீக்கடைத் தனிக் குவளைகளின் வரலாறு இருக்கிறது, கோபித்துக்கொள்ள முடியாது. டப்பாவை நீட்டி, புது ஜோடியை அவர் கையாலேயே எடுத்துத் தரச் சொல்வேன்.

தீட்டு ஆளைப் பார்த்து ஒதுங்குகிறது. கையுறைக்கு ஆள் கணக்கே கிடையாது. 1980களில் எய்ட்ஸ் பரவியபின், எல்லார் ரத்தத்தையும் ஒரேமாதிரி ஆபத்தாகக் கருதும் நெறி ஆய்வகங்களுக்கு வந்தது. கலெக்டர் வந்தாலும் அதே கையுறைதான். நம் சாத்திரங்கள் எட்டாத சமத்துவம் இது என்பேன். ஊர்ப் பூசாரி அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஆனால் கையுறையையும் தாயத்துபோல நம்பக் கூடாது. 1996இல் அமெரிக்க வேதியியலாளர் காரன் வெட்டர்ஹானின் லேடெக்ஸ் கையுறைமேல் டைமெத்தில் மெர்க்குரி சில துளிகள் சிந்தின. ரப்பரை ஊடுருவி உடலில் ஏறியது. அடுத்த ஆண்டு இறந்தார். அவர் கவனக்குறைவானவரே அல்ல.

என் வேலைக்கு, ரத்தமென்றால் நைட்ரைல் கையுறை போதும். லேடெக்ஸ் புரதத்தால் வரும் ஒவ்வாமையும் இல்லை. சாயம் நீக்கும் அசிட்டோன் மட்டும் மெல்லிய நைட்ரைலைச் சீக்கிரமே கடந்துவிடும். பட்டால் உடனே கழற்றிப் போட்டு வேறு மாட்டுகிறேன், விலையைப் பார்ப்பதில்லை.