பார்க்க மறுத்த இடம்

2023 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில், முதலாம் உலையின் அடியிலிருந்து சில படங்கள் வந்தன. நீர் தேங்கிய இருட்டுக்குள் நீந்திப் போன ஒரு ரோபோ எடுத்தவை. உலைக் கலனைத் தாங்கும் பீடத்தின் உட்சுவரில், கீழ்ப்பகுதியில் கான்கிரீட் இல்லை. அதற்குள் புதைந்திருந்த இரும்புக் கம்பிகள் மட்டும் வரிசையாக வெளியே தெரிந்தன. 2011 மார்ச் 11-இன் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்து, உலைகளின் எரிபொருள் உருகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தனை காலமும் அவ்வளவு பாரம் எதன்மேல் நிற்கிறது என்று தெரியாமலே அந்த உலை நின்றிருக்கிறது.

மனிதர் போய்ப் பார்க்கக்கூடிய இடமில்லை அது. 1986-இல் செர்னோபிலின் கூரையில் எந்திரங்கள் முடங்கியபோது சிப்பாய்களை மண்வெட்டியோடு ஏற்றினார்கள். ஒருவருக்கு ஓரிரு நிமிடம்தான், பிறகு அடுத்தவர். அந்த வரிசை இன்னொரு முறை உலகில் எங்கும் நிற்கக் கூடாது. ஃபுகுஷிமாவில் எந்திரங்கள் உள்ளே போயின, பல திரும்பவில்லை. தடித்த சுவர்கள் கம்பியில்லாத் தொடர்பைத் தடுப்பதால் பின்னால் நீண்ட கேபிளை இழுத்துக்கொண்டே போக வேண்டும். சிபா தொழில்நுட்பக் கழகமும் தொஹோகு பல்கலைக்கழகமும் உருவாக்கிய ‘குயின்ஸ்’ 2011 அக்டோபரில் இரண்டாம் உலைக் கட்டடத்தில் கேபிள் சிக்கி அங்கேயே நின்றுவிட்டது. 2015-இல் முதலாம் உலைக்குள் போன, உருவத்தை மாற்றிக்கொள்ளும் ரோபோ வழியில் மாட்டிக்கொண்டது. கேபிளை வெட்டிவிட்டு அதைக் கைவிட்டார்கள். 2017 பிப்ரவரியில் இரண்டாம் உலையில் தடையைச் சுத்தம் செய்யப் போன எந்திரத்தின் கேமரா சுமார் இரண்டு மணி நேரத்தில் கதிர்வீச்சால் மங்கத் தொடங்க, வெளியே இழுத்துவிட்டார்கள். அடுத்துப் போன ‘தேள்’ ரோபோ இலக்கை எட்டவில்லை. கதிர்வீச்சு மனிதத் திசுவை மட்டுமல்ல, சிலிக்கானையும் அரிக்கும்.

இந்தத் தோல்விகள் என்னை வருத்தவில்லை. ஒவ்வொன்றும் ஒரு மனித உடலுக்குப் பதிலாக நின்றது. வருத்துவது வேறொன்று.

1999 செப்டம்பரில் ஜப்பானின் தொக்கைமுராவில், யுரேனிய எரிபொருள் தயாரிக்கும் ஆலையில் விபத்து நேர்ந்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகு அரசு பணம் ஒதுக்கி, அணு விபத்துக் களத்துக்குள் போகும் ரோபோக்களைச் செய்யவைத்தது. அவை செய்து முடிக்கப்பட்டன. ஆனால் நம் உலைகளுக்கு இவை தேவைப்படாது என்ற எண்ணமே மேலோங்கியது. திட்டம் நின்றது, எந்திரங்கள் ஓரங்கட்டப்பட்டன. ரோபோக்களின் தேசம் என்று உலகம் அழைத்த நாட்டில், 2011 ஏப்ரலில் உலைக் கட்டடத்துக்குள் முதலில் நுழைந்தவை அமெரிக்காவிலிருந்து வந்த ‘பேக்பாட்’கள்.

திறமைக் குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. விபத்துக்கான ரோபோவை உலை வாசலில் நிறுத்துவது, இங்கே விபத்து நேரலாம் என்று ஊரறியச் சொல்வதாகும். அதைச் சொல்ல மனம் வரவில்லை. கடலைப் பற்றியும் அப்படித்தான். 15.7 மீட்டர் வரை அலை எழலாம் என்று, ஃபுகுஷிமா உலைகளை நடத்திய டெப்கோ நிறுவனமே 2008-இல் கணக்கிட்டு வைத்திருந்தது. கணக்கு கையில் இருந்தது. அதை நம்பி எழுந்து ஏதாவது செய்ய ஆளில்லை.

ஆபத்தை ஒப்புக்கொண்ட பிறகு என்ன நடந்தது என்பதும் முக்கியம். 2017 ஜூலையில் நீர் நிரம்பிய மூன்றாம் உலைக்குள் சுமார் 30 சென்டிமீட்டர் நீளமே உள்ள ‘மினி மன்போ’ என்ற ரோபோவை இறக்கினார்கள். மிகக் குறுகிய துளை வழியே போகவேண்டும் என்பதால் அவ்வளவு சிறிது. பழைய தோல்விகள் சொல்லிக்கொடுத்தபடி, மிதந்து வரும் குப்பையிலும் கேபிளிலும் சிக்காமல் போக ஓட்டுநர்கள் பயிற்சி எடுத்திருந்தார்கள். உருகி வழிந்து, இறுகிப்போன குவியல்களை அது கண்டுபிடித்தது. எரிபொருள் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு அந்த உலையில் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த முதல் காட்சி. அந்தப் படங்களைப் பார்த்தபோது பயமும் நன்றியும் ஒன்றாக வந்தன.

2024 ஆகஸ்ட் நிகழ்ச்சியில்தான் என் மனம் திரும்பத் திரும்ப நிற்கிறது. இரண்டாம் உலையிலிருந்து உருகிய எரிபொருளில் ஒரு துணுக்கை எடுக்க, தூண்டில் கழி போல நீளும் கருவி தயார். 22 மீட்டர் வரை நீளும், நுனியில் பற்றுகோல். உள்ளே இருக்கும் ஆபத்துகள் எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் யோசித்துச் செய்தது. ஆனால் அது உள்ளே போகும் முன்பே வேலை நின்றது. கருவியைத் தள்ளுவதற்கான ஐந்து குழாய்களின் வரிசை மாறிப்போயிருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் முழு முகக் கவசத்தோடு, கதிர்வீச்சுக்கிடையே அவசரமாகச் செய்த வேலை. நிறுவனத்தின் ஆட்கள் களத்துக்குப் போய்ச் சரிபார்க்கவில்லை. குழாய் அடுக்குவதில் என்ன தவறு நேர்ந்துவிடப் போகிறது?

நாம் அஞ்சும் இடத்துக்கு விளக்கையும் கேமராவையும் அனுப்புகிறோம். விபத்து பெரும்பாலும் நாம் அஞ்சாத இடத்திலிருந்து வருகிறது. 1999-க்குப் பிறகான அலட்சியமும், 2008-இன் கணக்கைப் புறக்கணித்ததும், ஐந்து குழாய்களின் தவறும் ஒரே இடத்தில்தான் பிறந்தன: இங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று யாரோ முடிவு செய்த இடத்தில். எந்திரத்தின் கண் எவ்வளவு கூர்மையானாலும், எங்கே பார் என்று சொல்பவர் நாம்தான். நமக்குச் சந்தேகமே எழாத சுவரை அது ஒருநாளும் பார்க்காது. அதனால் ஆய்வு செய்யும் தொழிலின் முதல் கருவி, ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லும் துணிவுதான். கேமராவும் பற்றுகோலும் அதற்குப் பின்னால் வருபவை.

வரிசையைச் சரிசெய்து செப்டம்பரில் மீண்டும் தொடங்கினார்கள். கேமராக்கள் பழுதாகி வேலை இன்னொரு தடவை நின்றது, அவற்றை மாற்றினார்கள். நவம்பர் 7-இல் துணுக்கு வெளியே வந்தது: சுமார் 0.7 கிராம். மூன்று உலைகளிலும் கிடப்பது ஏறத்தாழ 880 டன். அதை எடுத்து முடிக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். அந்த வேலைக்கு வரப்போகிறவர்களில் பலர் 2011-இல் பிறந்தே இருக்கமாட்டார்கள். அவர்களுக்கு இதைவிட நல்ல எந்திரங்கள் கிடைக்கும், சந்தேகமில்லை. துளைக்கு வெளியே குழாய்களை அடுக்கும்போது பக்கத்தில் நின்று ஒருமுறை எண்ணிப் பார்க்கும் ஆளையும் அவர்களோடு அனுப்ப வேண்டும்.