மரியாதைக் குறைவு

திருடிய பொருளைத் திருப்பித் தருகிறவனுக்கு நன்றி சொல்ல வேண்டுமா? தனி மனிதர்களிடையே இந்தக் கேள்வி எழுவதே இல்லை. தேசங்களிடையே மட்டும் இதற்கு ஒரு சடங்கு இருக்கிறது. சுதந்திர தினம் என்று அதற்குப் பெயர்.

1960 ஜூன் 30. லியோபோல்ட்வில், இன்றைய கின்ஷாஸா. காங்கோவுக்கு பெல்ஜியம் சுதந்திரம் 'வழங்கியது'. மன்னர் போதுவான் பேசினார். இரண்டாம் லியோபோல்டின் மேதைமை தொடங்கிவைத்த பணி இன்று நிறைவு பெறுகிறது. எங்கள் நம்பிக்கைக்குத் தகுதியானவர்கள்தாம் என்று இனி நீங்கள் காட்ட வேண்டும். இதுதான் பேச்சின் சாரம். அந்த மேதை 1885லிருந்து 1908 வரை காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்தவர். ரப்பர் சேகரிக்க மறுத்த ஊர்களில் அவருடைய சிப்பாய்கள், சுட்ட தோட்டாக்களுக்குக் கணக்காக, வெட்டிய கைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள்.

ஜனாதிபதி காஸவூபு அடக்கமாகப் பதில் சொன்னார். விழா அத்துடன் முடிந்திருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் பெயர் இல்லாத பிரதமர் பத்ரீஸ் லுமும்பா எழுந்தார். மன்னரை அல்ல, காங்கோ மக்களை விளித்துத் தொடங்கினார். பெல்ஜியம் நட்பு நாடு, சமமானவர்களாகவே நாம் அதனோடு பழகுகிறோம்; ஆனாலும் இந்தச் சுதந்திரம் போராடிப் பெற்றது என்பதை மறப்பதற்கில்லை என்றார். பிறகு மறக்க முடியாதவற்றை அடுக்கினார்: அடிகள், வசவுகள், சட்டத்தின் பெயரால் பறித்த நிலம், வெள்ளையனுக்கு ஒரு நீதி கறுப்பனுக்கு ஒரு நீதி. கூடவே ஒரு இலக்கண விஷயம். கறுப்பனை 'தூ' என்று ஒருமையில் அழைத்தார்கள். அது சிநேகத்தால் அல்ல, மரியாதையான 'வூ' வெள்ளையருக்கு மட்டுமே என்பதால்.

பிரெஞ்சின் இந்தப் பேதத்தை ஆங்கிலத்தில் படிக்கிறவன் அடிக்குறிப்பில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழனுக்கு அடிக்குறிப்பு எதற்கு? நரைத்த கிழவனை ஒரு பொடியன் 'நீ' என்பதும், கிழவன் பதிலுக்கு 'நீங்க' என்பதும் நாம் பார்க்காததா? வெட்டிய கைகளோடு ஒரு பிரதிப்பெயரையும் சேர்த்துச் சொல்லலாமா என்று கேட்டால், சொல்லத்தான் வேண்டும் என்பேன். கையை வெட்டுகிறவன் முதலில் வெட்டுவது அந்த 'வூ'வைத்தான்.

மேற்கத்தியப் பத்திரிகைகள் பல இதை மரியாதைக் குறைவு என்றன. விருந்தாளியை வைத்துக்கொண்டு இப்படியா? இந்தக் கேள்வியிலேயே பித்தலாட்டம் இருக்கிறது. போதுவான் பேசியதும் சரித்திரம்தான். ஆனால் அது 'நாகரிகம்' என்று கொள்ளப்பட்டது. மறுத்துப் பேசியது 'கசப்பு' ஆயிற்று. ஒரு தரப்பு மறந்தால் மட்டுமே காப்பாற்றக்கூடிய மரியாதை, பழைய ஒருமைதான், புது உடுப்பில். நன்றி சொல்லியிருந்தால், இது உன்னுடையதாக இருந்தது, நீ கொடுத்தாய் என்று ஒப்புக்கொண்டதாகியிருக்கும்.

அன்றைய விருந்திலேயே லுமும்பா மன்னரைப் பாராட்டிச் சமாதானமாக இன்னொரு முறை பேசினார். அதைப் பெரும்பாலும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டால், வெறி பிடித்தவர் என்ற சித்திரம் கலைந்துவிடும்.

பேச்சுத்தான் நாட்டைக் குட்டிச்சுவராக்கியது என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ராணுவத்தில் ஒரு கறுப்பு அதிகாரிகூட இல்லை. சில நாட்களில் தளபதி ஜான்ஸன்ஸ், சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றே என்று சிப்பாய்கள் முன் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். ஜூலை 5 அன்று கலகம் வெடித்தது. ஜூலை 11 அன்று, செம்பு விளையும் கட்டாங்கா பிரிந்துபோனது. பெல்ஜியம் அதற்குக் கைகொடுத்தது. நாகரிகமான பேச்சு எதைத் தடுத்திருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை.

1961 ஜனவரி 17 அன்று கட்டாங்காவில் லுமும்பா சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் அமிலத்தில் கரைக்கப்பட்டது. கரைத்த பெல்ஜிய போலீஸ் அதிகாரி ஒரு பல்லை வைத்துக்கொண்டார். 2022 ஜூன் 20 அன்று பிரஸ்ஸல்ஸில் அது குடும்பத்திடம் 'வழங்கப்பட்டது', உரிய மரியாதைகளுடன்.