பந்தயம் கட்டியவர் எங்கே?

‘வெண்ணிலா கபடிக் குழு’ (2009) படத்தின் பரோட்டாக் காட்சியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு. நடிகர் சூரியின் பெயருக்கு முன்னால் பரோட்டா ஒட்டிக்கொண்டதே அந்தக் காட்சியால்தான். இத்தனை பரோட்டா தின்று முடித்தால் காசு வேண்டாம் என்பது கடையின் பந்தயம். தட்டு காலியாகக் காலியாகக் கடைத் தரப்பின் முகம் சுருங்குகிறது. கணக்கில் தகராறு வருகிறது. சாப்பிடுகிறவரோ எண்ணிக்கைக்காகப் போட்ட கோட்டையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கத் தயார்.

சிரித்துவிட்டுக் கடந்துபோகிற காட்சிதான். ஆனாலும் பந்தயத்தின் பழைய இலக்கணம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. பந்தயம் கட்டியவர் கண்ணெதிரே நிற்கிறார். தோற்றால் அவருடைய கல்லாவில் இடிக்கும். சாப்பிடுகிறவருக்கு விக்கல் எடுத்தால் தண்ணீர்ச் செம்பை நீட்ட வேண்டியவரும் அவர்தான். இளவட்டக்கல் தூக்குவதும் வழுக்குமரம் ஏறுவதும் இப்படித்தான். சவாலை வைத்த ஊரே சுற்றி நிற்கும். கல் காலில் விழுந்தால் அதே ஊர் தூக்கிக்கொண்டு ஓடும்.

இப்போது சவால் விடுவது நிறுவனங்களின் வியாபார உத்தியாகிவிட்டது. ஒரு ஹேஷ்டேக், ஒரு பாட்டுத் துணுக்கு, செய்துகாட்ட ஓர் அசைவு. நீங்களும் செய்யுங்கள், வீடியோ போடுங்கள், மூன்று பேரை டேக் செய்யுங்கள் என்று ஓர் அழைப்பு. நிறுவனம் காசு கொடுத்து எடுத்துக் காசு கொடுத்து ஒளிபரப்பிய விளம்பரத்தை, வாங்குகிறவர்களே எடுத்துத் தங்கள் சொந்தபந்தங்களுக்குப் போட்டுக்காட்டுகிறார்கள். இதில் தவறு உண்டா? உண்டென்றால் எந்த இடத்தில்?

கேள்வியை அதன் காரமான முனையிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்காவில் ‘பாக்கி’ என்றொரு சிப்ஸ் பிராண்ட். (தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் தரும் பொருள் தற்செயல்தான்.) 2016-ல் அது ‘ஒன் சிப் சேலஞ்ச்’ என்ற ஒன்றைத் தொடங்கியது. சவப்பெட்டி வடிவில் ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே ஒரே ஒரு சிப்ஸ், விலை ஏறக்குறைய 10 டாலர். 2023-ஆம் ஆண்டுச் சிப்ஸில் தடவியிருந்தவை கரோலினா ரீப்பர், நாகா வைப்பர் என்ற இரு மிளகாய்கள். இவற்றில் கரோலினா ரீப்பர் 2013 முதல் பத்தாண்டுகள் உலகின் மிகக் காரமான மிளகாய் என்ற கின்னஸ் பட்டத்தை வைத்திருந்தது. தின்றபின் தண்ணீரோ வேறெதுவுமோ தொடாமல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறீர்கள் என்பது சவால். தவிக்கிற தவிப்பை வீடியோவாகப் போட வேண்டும். ஒரு சிப்ஸை 10 டாலருக்கு விற்க முடிந்தது சுவையினால் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

2023 செப்டம்பர் 1 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில், அந்தச் சிப்ஸைத் தின்ற 14 வயது மாணவன் ஒருவன் இறந்துபோனான். சில நாட்களில் நிறுவனம் கடைகளிலிருந்து சரக்கைத் திரும்பப் பெற்றது. பிணக்கூறாய்வு முடிவு 2024 மே மாதம் வெளியே வந்தது. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் மிகுதியாக உள்ள பொருளை உட்கொண்ட நிலையில் இதயமும் மூச்சும் நின்றுபோயின என்றது அது. பையனின் இதயம் பெருத்திருந்தது, இதயத்துக்குப் போகும் இரத்தக்குழாய் ஒன்றின் அமைப்பில் பிறவிக் குறை இருந்தது என்றும் அதில் இருந்தது.

நிறுவனத்தின் தரப்பிலும் சொல்ல ஒன்று உண்டு. அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. பெரியவர்களுக்கு மட்டும், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், உடல்நலக் குறை உள்ளவர்கள் சாப்பிடாதீர்கள் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, கேட்காதது அவரவர் பாடு என்று ஒரு வக்கீல் வாதாடலாம். மருந்துக் குப்பியின் எச்சரிக்கைக்கு அந்த வாதம் பொருந்தும். சவாலில் எச்சரிக்கைக்கு வேலையே வேறு. உன்னால் முடியாது, வேண்டாம் என்பதுதான் எந்தச் சவாலுக்கும் முதல் வாக்கியம். சவப்பெட்டி வடிவம் என்ன, எச்சரிக்கைதானே? அதையே பளபளப்பாக மடித்து விற்றார்கள். பதினான்கு வயதில் ‘இது உனக்கு ஆகாது’ என்பதைக் கேட்டு விலகிப் போகிறவர்கள் எத்தனை பேர்? விலக்கும் சொல்லையே கவர்ச்சியாக்கி விற்றுவிட்டு, விபத்து நடந்ததும் அந்தச் சொல்லையே கேடயமாகத் தூக்குவது இரட்டைக் கணக்கு.

எல்லாச் சவாலும் மிளகாய்ச் சவால் இல்லை. பெரும்பாலானவை ஆட்டமும் பாட்டும்தான். 2019 ஜூலையில் அமெரிக்காவின் சிபோட்லே உணவகச் சங்கிலி, அவகாடோ தினத்தையொட்டி டிக்டாக்கில் நடனச் சவால் ஒன்றை நடத்தியது. ஆறு நாட்களில் 2.5 லட்சம் வீடியோக்கள் வந்தன. அவை 43 கோடி முறை ஓடின. யாருக்கும் உடம்பு நோகவில்லை, ஆடியவர்கள் சந்தோஷமாகத்தான் ஆடினார்கள். இதைக் கூலியில்லா உழைப்பு என்று கண்டிப்பவர்கள் உண்டு. அந்தக் கண்டனம் பாதி தூரம்தான் போகும். மார்கழிக் கோலப்போட்டியில் ஏதோ ஒரு எண்ணெய்க் கம்பெனியின் பேனர் தொங்குகிறது; விடியற்காலையில் எழுந்து கோலம் போட்டவர் தன் உழைப்பைச் சுரண்டிவிட்டதாக நினைப்பதில்லை. மகிழ்ச்சிக்காகச் செய்வதையெல்லாம் கூலிக் கணக்கில் எழுதத் தொடங்கினால் கும்மியடிப்பதற்கும் ரேட் போட வேண்டிவரும்.

வேறொரு பழக்கத்தோடு ஒப்பிட்டால் சங்கடம் எங்கே இருக்கிறது என்று தெரியும். முன்பு பற்பசைக்காரர்களும் சோப்புக்காரர்களும் போட்டி வைப்பார்கள். ‘நான் இதை விரும்பக் காரணம்’ என்று பாதி வாக்கியம் கொடுத்திருக்கும். மீதியை எழுதி, இரண்டு மேலுறைகளோடு தபாலில் அனுப்ப வேண்டும். அந்தப் புகழ்ச்சி கவருக்குள் ஒட்டப்பட்டுக் கம்பெனிக்குப் போனது; பக்கத்து வீட்டுக்காரர் அதைப் படிக்கவில்லை. இன்றைய சவாலில் போட்டி விண்ணப்பமே விளம்பரம். அதைப் பார்க்கிறவர்கள் அத்தை, மாமா, கூடப் படித்தவர்கள், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். புகழ்ச்சிக்குச் சம்பளம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கேட்கிற காது மாறிவிட்டது.

2014-ல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் இந்த இடத்தில்தான் கை வைத்தது. கோல் ஹான் என்ற காலணி நிறுவனம் பின்ட்ரெஸ்ட் தளத்தில் ஒரு போட்டி வைத்தது. தன் காலணிப் படங்கள் ஐந்து, ஊர் சுற்றப் பிடித்த இடங்களின் படங்கள் ஐந்து, கூடவே தான் சொல்லும் ஹேஷ்டேக். சிறந்த தொகுப்புக்கு 1,000 டாலருக்குப் பொருள் வாங்கிக்கொள்ளலாம். பரிசு கிடைக்கும் வாய்ப்பும் ஒருவகைக் கைம்மாறுதான், பார்க்கிறவர்களுக்கு அது தெரிய வழி செய்யவில்லையே என்றது ஆணையம். தண்டனை ஏதும் இல்லாமல் ஒரு கடிதத்தோடு விட்டுவிட்டது. சிறிய விஷயத்துக்குப் பெரிய கடிதம் என்று தோன்றலாம். ஆனால் ஒரு தோழி செருப்பை மெச்சியது மனதாரவா, பரிசுக்காகவா என்ற ஐயம் ஒருமுறை வந்துவிட்டால், அவள் அடுத்து மெச்சும் மருத்துவர்மேலும் அந்த ஐயம் படியும்.

இந்தியாவிலும் விதிகள் வந்துவிட்டன. விளம்பரத் தர கவுன்சிலின் வழிகாட்டுதல் 2021-ல் வந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தினுடையது 2022 ஜூனில். காசோ பொருளோ வாங்கிக்கொண்டு புகழ்கிற இன்ஃப்ளூயன்சர் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சரி, எதுவுமே வாங்காமல் ஆடுகிற லட்சம் பேர்? மறைக்க அவர்களிடம் எதுவும் இல்லை, ஆகவே சொல்லவும் எதுவும் இல்லை. சவாலின் சாமர்த்தியம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நான்கைந்து பேருக்குக் காசு கொடுத்துத் தொடங்கிவைத்தால் போதும். பின்னால் வரும் அலைக்கு ‘விளம்பரம்’ என்று சீட்டு ஒட்ட வேண்டிய அவசியமே எழாது. சட்டத்தை மீறாமலே சட்டத்தின் நோக்கம் கரைந்துபோகிறது. இதற்கு ஆடுகிறவரைப் பொறுப்பாக்குவது அநியாயம். ஹேஷ்டேக்கிலேயே பிராண்டின் பெயரை வைத்துவிட்டால் நிறுவனத்துக்கு ஒரு பைசா செலவில்லை. பெயரை ஒளித்துவைத்து, ஊரே தானாகக் கிளம்பியதுபோல் காட்டினால் அது பொய்தான். அதற்கு மென்மையான வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

மூன்று பேரை டேக் செய்யச் சொல்வதோ இதைவிடச் சிக்கலானது. தபால் அட்டைக் காலத்தில் சாமி பெயரைச் சொல்லிக் கடிதம் வரும். பத்துப் பேருக்கு எழுதி அனுப்பினால் நல்லது நடக்கும், கிழித்துப்போட்டால் கெட்டது நடக்கும். நம்பாதவர்கூடக் கிழிப்பதற்கு முன் ஒரு கணம் தயங்குவார்; அந்தக் கணத்தில்தான் கடிதம் உயிர்பிழைத்தது. டேக்கில் சாமி இருந்த இடத்தில் உறவு உட்கார்ந்திருக்கிறது. மறுத்தால் கண் போகாது, ‘ரொம்பத்தான் பிகு பண்றா’ என்ற பேச்சு வரும். கடைக்காரர் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்துவிடலாம். சித்தி மகள் கூப்பிட்டால்? விற்கிறவரிடம் சொல்ல வேண்டிய மறுப்பை உறவுக்காரரிடம் சொல்லும்படி ஆக்குகிறது இந்த உத்தி. நட்புக்கும் உறவுக்கும் உள்ள கூச்சத்தைக் கேட்காமல் கடன் வாங்கிக்கொள்கிறது. ஆபத்தே இல்லாத நடனச் சவாலிலும் தவறு தொடங்குகிற இடம் இதுதான். பெரியவர்கள் இந்தக் கூச்சத்தை எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். வகுப்பில் எல்லோரும் செய்த ஒன்றைச் செய்யாத பன்னிரண்டு வயதுக்குச் சமாளிக்க வழியில்லை. குழந்தைகளின் அனுபவமின்மையை விளம்பரம் பயன்படுத்தக் கூடாது, ஆபத்தானவற்றுக்கு அவர்களைத் தூண்டக் கூடாது என்கின்றன இந்தியாவின் 2022 விதிகள். கூச்சத்தைப் பற்றி எந்த விதியும் எழுதமுடியாதுதான்.

அப்படியென்றால் 2014-ன் ஐஸ் பக்கெட் சவால்? அங்கேயும் நண்பர் நண்பரை இழுத்தார், மறுத்தவர் ஏச்சு வாங்கினார். ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காக நடந்த அந்தச் சவாலால் அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு ஏறக்குறைய எட்டு வாரங்களில் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்தப் பணம் துணைநின்ற ஆய்வு ஒன்று, 2016-ல் நோயோடு தொடர்புடைய ஒரு மரபணுவை அடையாளம் கண்டது. நல்ல காரியத்துக்கு இழுக்கலாம் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். நல்ல காரியம் என்ற போர்வைக்குள் எதையும் நுழைத்துவிடலாம். கவனிக்க வேண்டியது வேறு. அதைப் பரப்பிய பீட் ஃபிரேட்ஸும் பேட் க்வின்னும் அந்த நோயின் பிடியில் இருந்தவர்கள். பணயத்தில் இருந்தது அவர்கள் உயிர். பந்தயம் கட்டியவர் எதிரேயே, சக்கர நாற்காலியில் இருந்தார். அதே ஆகஸ்டில் சாம்சங் தன் கேலக்ஸி எஸ்5 போன்மேல் ஐஸ் தண்ணீரைக் கொட்டி, அடுத்து ஐபோனை நாமினேட் செய்வதாக ஒரு விளம்பரம் விட்டது. எங்கள் போனுக்குள் தண்ணீர் புகாது, அவர்களுடையதற்குள் புகும் என்பது சேதி. வாளியும் தண்ணீரும் அதேதான். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

லாபமும் நன்மையும் ஒன்றாக வந்தாலே குற்றம் என்பதும் சரியில்லை. 2020 மார்ச் 13 அன்று உலக சுகாதார அமைப்பு கை கழுவிக் காட்டும் சவாலைத் தொடங்கியது. இந்தியாவில் டெட்டால் அதே வேலையை டிக்டாக்கில் பாட்டும் ஆட்டமுமாகச் செய்தது. கொள்ளைநோய்க் காலத்தில் சோப்பு விற்கிறவர் கையைக் கழுவு என்று சொன்னால் அதில் குறை காண ஒன்றும் இல்லை. வீடியோ போட்டவரின் கையும் சுத்தமானது, கம்பெனியின் சரக்கும் போனது. ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. கம்பெனிக்கு வரவேண்டிய பெயர் அதற்குள் வந்துசேர்ந்துவிட்டது. தனியாகச் சேமித்து வைக்காத பிள்ளைகளுக்குத் தாங்கள் ஆடியதன் அடையாளம்கூட எட்டாமல் போயிற்று. இதில் கம்பெனியின் குற்றம் எதுவும் கிடையாது. ஆனால் ஆட்டம் நடந்த களம் ஆடியவருடையதும் அல்ல, ஆடச் சொன்னவருடையதும் அல்ல என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது.

திரும்பவும் அந்தச் சவப்பெட்டிக்கு வருவோம். சரக்கைத் திரும்பப் பெற்றபோது நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில், எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாத பதின்வயதினர் பெருகிவருவதைத் தாங்கள் கண்டதாக ஒரு வரி இருந்தது. எங்கே கண்டார்கள் என்று அதில் இல்லை. ஏழு ஆண்டுகளாக அவர்களுக்கு விளம்பரமாக இருந்தவை, தின்றவர்கள் தாங்களே எடுத்துப் போட்ட வீடியோக்கள். பரோட்டாக் கடையிலும் கோடு போட்டு எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள், எதிரே மென்றுகொண்டிருந்த வாயைப் பார்த்தபடி. இங்கேயும் ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு முகம் இருந்தது: கண்ணில் நீர் வழிய, நாக்கைத் தொங்கவிட்டு, தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டே நேரத்தை எண்ணுகிற முகம். அவற்றில் எத்தனை முகங்களுக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை என்று பார்ப்பது, வியூஸ் எண்ணுவதைவிடப் பெரிய வேலை இல்லை.