காலமும் சாளக்கிராமமும்

திருமால் அடியார்களின் இல்லங்களில் நாள்தோறும் ஆராதிக்கப்படும் சாளக்கிராமம், பார்வைக்கு ஒரு சிறிய கருங்கல். உள்ளங்கையில் அடங்கிவிடும். சிற்பியின் உளி படாதது. செதுக்கிய விக்ரகத்துக்குப் பிராணப் பிரதிஷ்டை செய்த பிறகே பூஜை தொடங்கும். சாளக்கிராமத்துக்கு அது வேண்டுவதில்லை. பகவான் தாமாகவே அதில் எழுந்தருளியிருக்கிறார் என்பது சம்பிரதாயம். அதற்குத் திருமஞ்சனம் செய்த நீரையே துளசியோடு தீர்த்தமாக அடியார்கள் பருகுகின்றனர்.

இக்கற்கள் நேபாளத்தில் ஓடும் கண்டகி நதியில் கிடைக்கின்றன. தவளகிரி, அன்னபூர்ணா என்னும் இரண்டு மாமலைகளுக்கு இடையே மிக ஆழமான பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு அந்நதி பாய்கிறது. அதன் மேற்பகுதியில், 3,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் முக்திநாத் திருத்தலம் இருக்கிறது. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றாகிய சாளக்கிராமம் இப்பகுதியே. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த தலம் இது.

ஒரு பேரனின் கேள்வி

இத்தகைய ஓர் இல்லத்தில் முதியவர் ஒருவர் காலைப் பூஜையில் இருந்தார். கல்லூரியில் படிக்கும் பேரன் அருகில் வந்து நின்றான்.

“தாத்தா, இது எப்போதோ செத்துப்போன கடல் பிராணியின் ஓடாம். வகுப்பில் சொன்னார்கள். இதற்கா தினமும் திருமஞ்சனம்?”

வீட்டிலிருந்த மற்றவர்கள் திகைத்தனர். முதியவர் முகம் சுளிக்கவில்லை. தீர்த்தப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

“பாதியில் நிறுத்தாதே. அந்தப் பிராணியின் கதை முழுவதையும் சொல், கேட்கிறேன்” என்றார்.

உண்மையைக் கண்டு பக்தி அஞ்ச வேண்டியதில்லை என்பதை அந்த ஒரு வாக்கியம் காட்டிவிட்டது. அவர் கேட்க விரும்பிய கதை இது.

கடலாக இருந்த மலை

இன்று இமயமலை நிற்கும் இடத்தில் முன்னொரு காலத்தில் ஒரு பெருங்கடல் இருந்தது. ஆஸ்திரிய நிலவியலாளர் எடுவார்ட் சூயஸ் 1893-இல் அதற்கு ‘டெத்தீஸ்’ என்று பெயரிட்டார். ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன், அக்கடலில் அம்மோனைட்டு என்னும் உயிரினங்கள் திரளாக வாழ்ந்தன. இவை கணவாய்க்கும் பேய்க்கணவாய்க்கும் உறவினம். சுருள் வடிவான ஓடு அவற்றின் வீடு. பிராணி வளர வளர, தான் குடியிருந்த அறையைச் சுவர் எழுப்பி மூடிவிட்டு, முன்னால் புதிதாகக் கட்டிய பெரிய அறைக்குக் குடிபெயரும். இறந்தபின் ஓடு கடலடிச் சேற்றில் புதைந்தது. சேறு இறுகிக் கரும்பாறை ஆயிற்று. ஓட்டைச் சுற்றிக் கனிமங்கள் திரண்டு உருண்டைக் கற்கள் உருவாயின. சிலவற்றில் இரும்பும் கந்தகமும் கூடிய பைரைட்டு பொன்னிறமாகப் படிந்தது.

தென்பாதியிலிருந்த பெருங்கண்டத்திலிருந்து பிரிந்த இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசிய நிலத்தட்டோடு மோதியது. இடையிலிருந்த கடல் மூடிக்கொண்டது. கடலடிப் படிவங்கள் மடிந்து, உயர்ந்து, இமயமாயின. எவரெஸ்ட் சிகரத்தின் உச்சிப் பாறையே கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்தான். அதிலும் கடல் உயிரினங்களின் துணுக்குகள் உள்ளன. மலையைக் கண்டகி அறுத்தபோது கருங்கற்கள் விடுபட்டு ஆற்றில் உருண்டன. உடைந்த கல்லின் உள்ளே தெரியும் சுருளை அடியார்கள் சக்கரமாகக் கண்டனர்.

வஜ்ரகீடம் என்னும் ஒரு பூச்சி கல்லுக்குள் புகுந்து சக்கரத்தைக் குடைந்ததாக மரபில் ஒரு கதை வழங்குகிறது. பூச்சி வேறு, அம்மோனைட்டு வேறு. ஆனாலும் அந்தச் சக்கரத்தில் ஒரு சிற்றுயிரின் உழைப்பு இருக்கிறது என்பதை மரபு மறைக்கவில்லை. அதனால் அதன் பக்தியும் குறையவில்லை.

ஓர் ஆண்டில் அடங்கிய பூமி

கோடிகளை வாய் சொல்லிவிடும், மனம் பற்றுவதில்லை. பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். அதை ஒரே ஓர் ஆண்டாகச் சுருக்கிப் பார்க்கலாம். சித்திரை முதல் நாள் பூமி பிறந்தது என்று கொண்டால், அறியப்பட்ட மிகப் பழைய உயிர்ச் சுவடுகள் ஆனி மாதம் மூன்றாம் வாரத்தில் தோன்றுகின்றன. அவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுள் ஒரு வகை சூரிய ஒளியை உண்டு பிராணவாயுவை வெளியிட்டது. அந்த வாயு காற்றில் நிலைபெறத் தொடங்கியது புரட்டாசி நடுவில். ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் கடந்துபோகின்றன. கண்ணால் காணத்தக்க விலங்கு இன்னும் வரவில்லை. மாசி மாதத்தில்தான் கடலில் விலங்கினங்கள் பெருகுகின்றன. மாசிக் கடைசியில் அம்மோனைட்டுகளின் மூதாதையர் தோன்றுகின்றனர்.

பங்குனி 10-ஆம் நாள் அளவில் ஒரு பேரழிவு நேர்கிறது. 25 கோடி ஆண்டுகளுக்கு முன், சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்து, வானும் கடலும் நஞ்சான காலம் அது. கடல் உயிரினங்களில் மிகப் பெரும்பாலானவை மறைந்தன. அம்மோனைட்டுக் குலத்திலும் மிகச் சிலவே தப்பின. அந்தச் சிலவற்றிலிருந்து குலம் மீண்டும் தழைத்தது. சாளக்கிராமத்துக்குள் இருக்கும் பிராணி வாழ்ந்தது பங்குனி 18 அளவில். ஒரு வாரம் கழித்து, அதாவது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், விண்கல் ஒன்று மோதியபோது டைனோசர்களோடு அம்மோனைட்டுகளும் அடியோடு அழிந்தன. அரியலூர்ப் பகுதியின் பாறைகளிலும் அவற்றின் ஓடுகள் கிடைக்கின்றன. தமிழ் நிலத்தின் ஒரு பகுதியும் அன்று கடலுக்கடியில் இருந்தது.

மனிதன் எப்போது வந்தான்? பங்குனிக் கடைசி இரவு, மணி பன்னிரண்டு அடிக்க ஏறக்குறைய 35 நிமிடங்கள் இருந்தபோது. எண்பது ஆண்டு நிறைவாழ்வு அந்தக் கணக்கில் சுமார் அரை விநாடி.

இரண்டு தவறுகள்

இந்தக் கணக்கைக் கேட்பவர் மனத்தில் இரண்டு தவறான முடிவுகள் எழக்கூடும்.

முதலாவது, பெருமிதம். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள் என்று புராணங்கள் கூறுகின்றன. பூமியின் வயது 454 கோடி ஆண்டுகள் என்று விஞ்ஞானம் கூறுகிறது. இரண்டும் நெருங்கியிருப்பதைக் கண்டு, எல்லாம் முன்பே எழுதப்பட்டுவிட்டது என்று சிலர் மகிழ்கின்றனர். ஆனால் அதே மரபின் கணக்குப்படி இன்றைய கல்பத்தில் கழிந்திருப்பவை சுமார் 197 கோடி ஆண்டுகளே. எண்கள் பொருந்தவில்லை. பொருத்த வேண்டிய தேவையும் இல்லை. பாறையின் வயதை அளப்பது சாஸ்திரத்தின் நோக்கமன்று. மனிதனின் அகந்தையை அதன் அளவில் நிறுத்துவதே அதன் நோக்கம்.

பாறையின் வயதை அளப்பதற்கும் ஒரு தவம் வேண்டும். அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பாட்டர்சன் விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து, பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என 1956-இல் வெளியிட்டார். எந்தக் கல்லை எடுத்தாலும் வெளியிலிருந்து வந்த ஈயம் அதில் கலந்து கணக்கைக் கெடுத்தது. ஆண்டுக்கணக்கில் அவர் தம் ஆய்வுக்கூடத்தைத் தூய்மை செய்தார். பின்னர், காற்றிலும் கடலிலும் அந்த ஈயம் பரவியதற்குப் பெட்ரோலில் கலக்கப்பட்ட ஈயம் ஒரு பெருங்காரணம் என்று கண்டு, தொழில்துறையின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் 1965 முதல் அதை எடுத்துரைத்தார். உலகின் சாலைகளில் ஈயம் கலந்த பெட்ரோல் முற்றிலும் நின்றது 2021-இல். அவர் 1995-லேயே மறைந்துவிட்டார். சத்தியத்தை நாடியவனின் தேட்டம் உயிர்களுக்குச் செய்யும் சேவையாகக் கனிந்ததற்கு இது சான்று.

இரண்டாவது தவறு, சோர்வு. ‘அரை விநாடி வாழ்பவன் செய்யும் ஜபத்துக்கும் தர்மத்துக்கும் என்ன பொருள்? பேரண்டத்துக்கு அவன் ஒரு பொருட்டா?’ என்னும் எண்ணம் படித்த உள்ளங்களைப் பெரிதும் வாட்டுகிறது. பெருமிதத்தைவிட இது கொடியது, செயலையே முடக்கிவிடும்.

இதற்கு மரபு தந்திருக்கும் மருந்து, அன்றாடம் சொல்லப்படும் சங்கல்பத்திலேயே இருக்கிறது. பூஜையைத் தொடங்குபவர் முதலில் பிரம்மாவின் ஆயுளில் பாதி கழிந்ததைச் சொல்கிறார். அடுத்து சுவேதவராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், இருபத்தெட்டாம் சதுர்யுகத்தின் கலியுகம் என்று இறங்கி வருகிறார். பின்னர் ஆண்டு, அயனம், ருது, மாதம், பக்ஷம், திதி, வாரம், நட்சத்திரம். கடைசியில், இந்த நாளில் இந்தக் கர்மத்தைச் செய்கிறேன் என்று நீர் வார்க்கிறார். எல்லையற்ற காலத்தை நினைத்த அதே மூச்சில் இன்றைய கடமையை ஏற்கிறார். காலம் பெரிது என்பதால் அவர் செயலைக் கைவிடவில்லை. காலம் பெரிது என்று அறிந்தே, கையில் இருக்கும் இந்த ஒரு வேளையை வீணாக்காமல் இறைவனுக்கு ஆக்குகிறார்.

மேலும், அரை விநாடி வாழும் மனிதனுக்குள்தான் 454 கோடி ஆண்டுகளும் அறியப்படுகின்றன. மலை தன் வயதை அறியாது. கடல் தான் இருந்ததையே அறியாது. அறிபவன் அறியப்படும் பொருளுக்குள் அடங்குவதில்லை என்பது வேதாந்தத்தின் அடிப்படை. காலம் எந்தச் சைதன்யத்துக்கு முன் தோன்றுகிறதோ, அந்தச் சைதன்யத்தைக் காலம் அளக்க இயலாது. உடல் அரை விநாடிக்கு உரியது. சாட்சியாகிய ஆத்மா காலத்துக்கு உரியதன்று.

மடை திறத்தல்

ஓர் இனம் மற்றோர் இனமாக மாறுவதைப் பற்றிப் பதஞ்சலி முனிவர் ஓர் உழவனை உவமையாகக் காட்டுகிறார். உழவன் நீரை உண்டாக்குவதில்லை. வரப்பை வெட்டி மடையைத் திறக்கிறான். நீர் தன் இயல்பால் பாய்கிறது. சுவாமி விவேகானந்தர் இவ்வுவமையை விரும்பி விளக்கியிருக்கிறார். பூரணத்துவம் ஒவ்வோர் உயிரினுள்ளும் முன்பே மறைந்திருக்கிறது. தடைகள் விலக விலக அது வெளிப்படுகிறது என்பது அவர் கருத்து. கல்கத்தா அலிப்பூர் விலங்குக் காட்சிசாலையின் கண்காணிப்பாளர் ராமபிரம்ம சன்யாலுடன் உரையாடியபோது, டார்வின் கூறிய வாழ்க்கைப் போராட்டம் விலங்கு நிலையில் காணப்படுவதே என்றாலும், மனித நிலையில் முன்னேற்றத்துக்கு வழி போட்டி அன்று, தியாகமே என்பதைச் சுவாமிஜி வலியுறுத்தினார். இது உயிரியலின் முடிவன்று. உயிரின் உட்பொருளைப் பற்றிய வேதாந்தப் பார்வை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், இரண்டிடமும் கற்க வேண்டியதைக் கற்பதே விவேகம்.

அம்மோனைட்டின் குலம் முப்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல் கடலை ஆண்டது. அதற்கே முடிவு வந்தது. மூன்று லட்சம் ஆண்டுகளே ஆன மனித இனம், நிலைபேறு தனக்கு உறுதி என்று எண்ண இடமில்லை. பல கோடி ஆண்டுகளில் திரண்ட நிலக்கரியையும் எண்ணெயையும் சில தலைமுறைகளில் எரித்துத் தீர்க்கும் பேராசை, விலங்கு நிலையின் போராட்டம் மனித உருவில் தொடர்வதே ஆகும். தேவைக்கு மேல் எடுக்காமல் இருப்பது, எடுத்ததைப் பகிர்வது, சிற்றுயிரிடமும் இரக்கம் காட்டுவது ஆகிய இவையே மனிதன் திறக்க வேண்டிய மடைகள்.

பேரன் சொல்லி முடித்ததும் அந்த முதியவர் கூறிய பதில் இங்கு நினைக்கத்தக்கது. “இத்தனை கோடி ஆண்டு காத்திருந்து, கடல் மலையாகி, மலை ஆறாகி, இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறதே! நேற்று வரை கல் என்று எண்ணித்தான் நீராட்டினேன். இன்று ஓர் உயிர் என்றும் தெரிந்தது. எந்த உயிரில் அவன் இல்லை? கையை நீட்டு, தீர்த்தம் வாங்கிக்கொள்.”

பேரன் கையை நீட்டினான்.

அண்டங்களைப் படைத்தவனை ஒரு சிறு கல்லில் காண்பதே பக்தி. அந்தக் கல்லில் அடங்கிய ஒரு சிற்றுயிரின் வாழ்வையும் அவனுடைய லீலையாக அறிவது ஞானம். அப்படி அறிந்தவர் எறும்பையும் மிதிக்கத் தயங்குவார். அண்டை வீட்டானின் பசியைக் கண்டும் காணாமல் போகமாட்டார். சாளக்கிராமத்துக்கு நீராட்டும் கை அந்தத் தயக்கத்தையும் இரக்கத்தையும் பழகிக்கொள்ளும்போதே பூஜை நிறைவுறுகிறது. காலத்தைத் தன் வடிவமாகக் கொண்ட இறைவன், எஞ்சியிருக்கும் சிறு பொழுதை அவ்வாறு பயன்படுத்தும் பேற்றை அனைவருக்கும் அருள்வானாக!